அத்தானின் பற்றரியில் நான் அடித்த ஆணி

யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் என்னைப் ‘பற்றரி டொக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டமல்ல. ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூட வவுனியாவைத் தாண்டி வராத அந்த வருடங்களில், செத்த பற்றரியில் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தால் றேடியோ இன்னும் இரண்டு நாள் செய்தி சொல்லும். ஊரே செய்த வைத்தியம். நான் கொஞ்சம் கூடுதலாகப் பீற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒருமுறை கண்ணுக்குள் கரி தெறித்ததிலிருந்து, ஆணி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது இந்த டொக்டரின் வழக்கம்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் அக்காவும் அத்தானும் வெளிநாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் அங்கே பற்றரி ஆராய்ச்சி செய்பவர். வந்த அன்றே, தேயிலைப் பக்கற் மாதிரி வெள்ளித் தாளால் மூடிய, நெருப்புப்பெட்டி அளவான ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“லிதியம் பற்றரி, மச்சான். மற்றதுகளுக்குள்ள பென்சில் கரி இருக்கும். நான் சிலிக்கன் பொடி போட்டிருக்கிறன். கரியை விடப் பல மடங்கு மின்சாரம் பிடிக்கும்.”

“பிறகென்ன அத்தான், வித்துப்போட்டு மாளிகை கட்டுங்கோவன்.”

“கட்டலாம்தான். ஆனா சார்ஜ் ஏறேக்க சிலிக்கன் மூண்டு மடங்கு பொருமும், இறங்கேக்க சுருங்கும். எங்கட குளத்துச் சேறு கோடையில வெடிக்குமெல்லே, அப்பிடி வெடிச்சுத் தூளாப் போகும். வெடியாமல் பிடிச்சு வைக்க ஒரு பசை செய்தனான். செய்த பற்றரியெல்லாம் செத்துப்போச்சு. இது ஒண்டுதான் தப்பினது.”

அதைத் திறந்து, உள்ளே சிலிக்கன் வெடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தான் அந்தப் பசை சரியா பிழையா என்று தெரியும். மூன்று வருட வேலை. திரும்பிப் போகும் வழியில் நண்பர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் திறக்கப்போகிறாராம். எப்படித் திறப்பது என்று அவர் விளக்கியபோது, நான் அக்கா பிரித்துக்கொண்டிருந்த சொக்லேற் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். யன்னலோர மேசையில், நல்ல வெயிலுக்குள், அந்தப் பக்கற் பொரித்த பப்படம் போல வீங்கிக் கிடந்தது. ரோச் பல்ப் ஒன்றைத் தொடுத்துப் பார்த்தேன். மின்மினி அளவுக்கு ஒரு சிவப்பு, பிறகு அதுவும் இல்லை. அத்தனை பற்றரி செத்தும் தப்பியது, என் வீட்டுக்கு வந்தா சாக வேண்டும்? அவர் வருமுன் பிழைக்க வைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு டொக்டர்தான் வீட்டிலேயே இருக்கிறாரே!

குசினிக்குள் கொண்டுபோய் அம்மியில் வைத்தேன். ஒரு கோப்பை உப்புத் தண்ணீர், ஒரு ஆணி, ஒரு சுத்தியல். கண்ணை மூடினேன். அடித்தேன்.

பாம்பு சீறியது போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் அம்மியில் நெருப்பு நிற்கிறது. ஒரு பற்றரிக்குள் இவ்வளவு நெருப்பு இருக்குமென்று யார் கண்டது! பதறிப்போய் உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அது ‘படார்’ என்று எழும்பி என் ஒரு பக்கப் புருவத்தைக் கொண்டுபோனது. கை தூக்கியபடி நின்றேன்.

வாசலில் அத்தான். நெற்றியில் திருநீறு. பின்னால் அக்கா.

“எடேய், என்னடா செய்தனி?” அக்காதான் கத்தினாள்.

“உப்புத் தண்ணி விட்டு...”

நெருப்பு அடங்கியதும் அத்தான் அம்மியருகே குந்தினார். ஈர்க்கு ஒன்றை எடுத்து, கருகிய தாளைப் புரட்டினார். சாம்பல்தான்.

“காத்துப் பட்டாலே பழுதாப் போகும் எண்டுதானே, காத்துப் புகாத பெட்டிக்குள்ள வைச்சுத் திறக்க இருந்தனான்,” என்றார் சாம்பலிடம். பிறகு சட்டென்று தலையைத் தூக்கினார். அந்த முகத்தில் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

“மச்சான், ஆணி இறங்கித் தாள் கிழிஞ்ச உடன, நெருப்புப் பிடிக்க முதல், உள்ளுக்க பாத்தனியே? கறுப்புச் சிலிக்கன் ஒரே படலமா இருந்ததோ, வெடிச்சிருந்ததோ?”

இந்த உலகத்தில் அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே மனிதன் நான்தான்.

“அத்தான்... நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ அடிச்சனான்.”

அவர் கையிலிருந்த ஈர்க்கு சாம்பலுக்குள் விழுந்தது.