அத்தைக்குக் கம்பீரம் கற்றுக்கொடுத்தேன்

கம்பீரம் என்ற சொல்லை ஐந்தாம் வகுப்பில் படித்த அன்றே அதை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று துடித்தேன். பாடப் புத்தகத்தில் சிங்கம் கம்பீரமாக நடந்தது. சிங்கம் சிரிக்காது. ஆகவே கம்பீரம் என்றால் சிரிக்காமல் இருப்பது என்று நானே பொருள் வகுத்துக்கொண்டேன். அகப்பட்டவள் அத்தை.

அத்தை சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவளை வாசல் சோதனைக்கு நிறுத்தியிருந்தார்கள். செல்போன், தீப்பெட்டி, நைலான் சேலை எதையும் உள்ளே விடக் கூடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அந்த வேலையைத் தருவார்கள். தேறாவிட்டால் பழையபடி திரிதான். அத்தைக்கு அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை. ஆனால் அவளோ எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். சிரிக்கிறவளுக்கு எவள் பயப்படுவாள்? தினமும் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினேன்.

"பல்லைக் காட்டாதீக அத்தை, கம்பீரமா இருங்க."

"இருக்கேன்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வரும்.

சனிக்கிழமை கடைசி நாள். அத்தை மதியச் சோற்றை மறந்துவிட்டுப் போய்விட்டாள். தூக்குச்சட்டியோடு நான் கம்பெனி வாசலுக்குப் போனபோது முதலாளி காரைவிட்டு இறங்கி உள்ளே நடந்தார். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தை மட்டும் குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, சட்டைப் பையில போனு இருக்கே. குடுத்துட்டுப் போங்க."

"என்னையவே நிப்பாட்டுறியாம்மா?"

"வெடிமருந்துக்கு மொதலாளி, கூலின்னு தெரியவா போகுது அண்ணாச்சி?" என்றாள். சொல்லிவிட்டு, பாவி, சிரித்துவிட்டாள்!

போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் வீண். முதலாளி அத்தையை உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார்.

"திங்கக்கிழமையில இருந்து வாசலுக்கு இந்தம்மாதான்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் ஒன்றும் விளங்கவும் இல்லை. கம்பீரம் துளியும் இல்லாதவளுக்குப் போய் வேலையைக் கொடுத்துவிட்டாரே!

அத்தை சிரித்தபடியே வந்து என்னிடமிருந்து தூக்குச்சட்டியை வாங்கினாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் மூடி கடகடவென்று ஆடியது. பாவம், நல்ல பசி போல என்று நினைத்துக்கொண்டேன்.