பென்சில் மறைத்த தழும்பு

என் பத்தாம் வயதில் வீட்டார் என்மீது கொண்ட சினத்தைக் காட்டிலும், அன்று சிறுமியாயிருந்த அந்த என்மீதே இன்று நான் கொள்ளும் சினம் பெரிது.

எழுபதுகளின் தொடக்கம். வாரப் பத்திரிகையில் வந்த ஞாபகசக்தி டானிக் விளம்பரத்தை நம்பி, அதை வாங்கித் தரும்வரை உண்ண மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பொறுமையிழந்த மாமா, அம்மாவின் தம்பி, லஸ் முனைப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு நூலை வாங்கிவந்து என்முன் எறிந்தார். பத்திரிகைப் படங்களும் விளம்பரங்களும் உருவாகும் விதத்தைச் சிறுவர்க்கு விளக்கும் நூல் அது. எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னது: இதைச் செய்தவர் யார்? யார் பார்ப்பதற்காகச் செய்தார்? எதை மறைத்தார்?

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் விடியலில் பாசுரம் சேவிப்பது வழக்கம். பொருள் விளங்காமலே நூறு பாசுரம் ஒப்பிக்கும் எனக்கு மூன்று கேள்விகள் எம்மாத்திரம்? உருப்போட்டேன். பாசுரத்தில் உருகவேண்டிய இடத்தில் உருகியதில்லை. நூல் யோசிக்கச் சொன்ன இடத்தில் யோசிக்கவும் இல்லை.

அந்த மாதம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் இடக் கன்னத்தில் கார்த்திகை விளக்கு சுட்ட தழும்பு உண்டு. அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. அந்தக் கன்னம் சுவர்ப்பக்கம் இருக்குமாறு அம்மா அவளை அமர்த்தியிருந்தாள். பிள்ளையின் தாயார், நாங்கள் முன்பே அனுப்பியிருந்த புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “போட்டோவுல இருக்கறாப்லயே லட்சணமா இருக்கா” என்றார்.

நான் விடுவேனா? “போட்டோவுல அக்காவோட தழும்பு இல்லையே மாமி! ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ்லயே பென்சிலால தீட்டி மறைச்சுட்டார். புஸ்தகத்துல போட்டிருக்கு!” அத்துடன் நில்லாமல் மூன்று கேள்விகளையும் ராகம் மாறாமல் ஒப்பித்தேன்.

பிள்ளையின் தகப்பனார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்.”

அவர்கள் படியிறங்கியதும் மாமா தலையில் அடித்துக்கொண்டார். “பேப்பரைச் சந்தேகப்படச் சொன்னா, ஆத்தையே சந்தேகப்படறயேடீ!” அம்மா புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் வீசினாள். அக்கா காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இத்தனை கோபம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளையின் தகப்பனார்தான் லெட்டர் போடுவதாகச் சொன்னாரே! அச்சில் வந்த எதையும் எளிதில் நம்பக் கூடாதென்று கற்ற நான், நாள்தோறும் வாசலில் நின்று தபால்காரரை எதிர்பார்த்தேன்.

“இன்னிக்கும் வரலைக்கா. நாளைக்கு வந்துடும்” என்பேன்.

“வரும்டீ” என்று அவள் என் பின்னலை அவிழ்த்து, மறுபடியும் பின்னத் தொடங்குவாள்.

அதையும் நம்பினேன்.