துடைத்து வளர்த்த சோளம்

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் பாத்திரக்கடை வைத்தே ஆயுளை ஓட்டியவர் சண்முகசுந்தரம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கையில் துணி ஏறிவிடும். குடத்தின் கழுத்து, குத்துவிளக்கின் முகம், டிபன் கேரியரின் இடுக்கு என்று விரல் நுழையும் இடமெல்லாம் துடைத்த பிறகுதான் சாமி படத்துக்கே ஊதுவத்தி. "தூசி படிஞ்ச சொம்ப எவன் வாங்குவான்?" என்பார்.

போன வருஷம் கடையை மகன் செந்தில்நாதனிடம் ஒப்படைத்தார். சாவியைக் கொடுத்தாரே தவிர துணியைக் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பிடுங்கித் துடைத்து நீட்டுவார். மகன் அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். பொறுத்துப் பார்த்த செந்தில் ஒருநாள், "அப்பா, கொஞ்ச நாளிக்கு நீங்க வூட்லயே இருங்கப்பா" என்று சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். அவருக்கு வலித்தது.

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? கடற்கரையில் பேத்தி ஒரு கப் ஸ்வீட் கார்னுக்கு அடம்பிடித்தது ஞாபகம் வர, பாகூருக்குப் போய், மருந்து தடவிச் சிவந்த ஸ்வீட் கார்ன் விதை வாங்கி வந்து கொல்லையில் ஊன்றினார். முளை கிளம்பியதும் மனுஷனுக்கு முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து மகன் வந்து நின்றான்.

"அந்த எடத்துல குடோன் போடணும்பா. தீபாவளி சரக்கு எறக்க எடமில்ல."

கடைதான் கைமாறிவிட்டது. இதுவும் போனால் இந்த வீட்டில் அவருக்கென்று இருப்பது ஒரு நாற்காலிதான். வியாபாரியல்லவா, பேரம் பேசினார்.

"இந்த வெள்ளாம வரட்டும். நல்லா வந்தா எடம் என்னுது. சொத்தையா போச்சுன்னா மறுநாளே கொத்தனார கூப்டு."

செந்தில் சரியென்றான்.

செடி ஆளுயரம் வந்தது. உச்சியில் பூ விரிந்தது. கதிர் நுனியில் பட்டு நூலாக முடி தொங்கியது. ஒருநாள் காலையில் பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள் தூசி. சண்முகசுந்தரத்தின் கை சும்மா இருக்குமா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஓஸ் பைப்பைப் பிடித்து உச்சிப்பூ முதல் அடிவரை பீய்ச்சினார். இலை இலையாகத் துடைத்தார். கதிரில் தொங்கிய முடியையும், பார்க்க நன்றாக இல்லையென்று உருவிப் போட்டார். பூத்த நாளெல்லாம் காலையில் இதே வேலை.

"சோளத்துக்கு இன்னா, பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டாள் மனைவி வசந்தா.

"லட்சணமா இருந்தாதாண்டி வெள்ளாம."

பறிக்கும் நாள் வந்தது. முதல் கதிரின் மட்டையை உரித்தார். பல் விழுந்த வாய் போல இங்கொரு மணி, அங்கொரு மணி. அடுத்தது முழு மொட்டை. வசந்தா சிரிக்க ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே சில செடிகள் இருந்தன. அங்கே ஓஸும் எட்டாது, அவர் தொப்பையும் நுழையாது. கையை நீட்டி ஒரு கதிரை ஒடித்து உரித்தார். அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாக மணி. அந்த இலைகளில் மஞ்சள் தூள் அப்படியே படிந்து கிடந்தது. கதிரின் முடியும் அப்படியே இருந்தது. அந்தத் தூள் இந்த முடியில் விழுந்தால்தான் மணி பிடிக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அழுக்கென்று நினைத்து விளைச்சலையே துடைத்திருக்கிறார்.

நல்ல கதிர் ஒரு தட்டுக்குத் தேறியது.

"இத மட்டும் அவிச்சி வைக்கட்டா? அவனுக்கு இன்னா தெரியப்போவுது" என்றாள் வசந்தா. அவர் மனமும் ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. ஆனால் நல்லதை மேலே வைத்து சொத்தையைக் கீழே ஒளித்து அவர் ஒருநாளும் விற்றதில்லை. மத்தியானம் செந்தில் சாப்பிட வந்ததும், அவித்த கதிர்த் தட்டுக்குப் பக்கத்தில் மொட்டைக் கதிர்களையெல்லாம் கொட்டினார்.

"தோத்துட்டேன்டா. கொத்தனாருக்குச் சொல்லிடு."

"இன்னாப்பா ஆச்சு?"

"எல்லாம் என் கைதான். சும்மா உட்டிருந்தா தானா வெளஞ்சிருக்கும். தொடச்சித் தொடச்சியே கெடுத்துட்டேன்." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. குரல் இறங்கியது. "கடையிலயும் இதத்தாண்டா பண்ணேன்."

செந்தில் ஒரு கதிரை எடுத்து மணி மிச்சமில்லாமல் தின்றான். கை கழுவிவிட்டு வந்து, அப்பாவின் தோளில் கிடந்த துணியை மெல்ல உருவினான்.

"மறுபடியும் சோளம் போடுங்க. குடோனுக்கு வாடக எடம் பாத்துக்கறேன். இது மட்டும் கடையில இருக்கட்டும்."

அடுத்த வெள்ளாமை பூத்த காலையில் சண்முகசுந்தரம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்றார். காற்றடித்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளானது.

"அந்தத் தூச தட்டி உட்டுட்டு உள்ள வாங்க" என்றாள் வசந்தா.

"இருக்கட்டும்டி" என்றார் அவர்.