சாயத் தண்ணீரும் கெமிஸ்ட் கஸ்தூரியும்

"மாஸ்டர், நம்ப கெமிஸ்ட்டம்மா பூட்டாங்க" என்று பாய்லர் முனுசாமி போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். முந்தின வாரம்தான் கஸ்தூரி போனில் என்னோடு சண்டை போட்டு, பேச்சை முடிக்காமலே வைத்திருந்தார். இனி யாரோடு முடிப்பது? ஐயப்பன்தாங்கலில் அவர் வீட்டு வாசலில் யாரோ அவரைப் பொறுமைசாலி என்றார்கள். மண்ணூர்பேட்டை சாயப்பட்டறையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் யாராவது அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நான் அங்கே டையிங் மாஸ்டர். நூலுக்கு நிறம் ஏற்றுவது என் வேலை. எண்பதுகளின் கடைசியில், எங்கள் கழிவுநீர் கால்வாயில் சிவப்பும் நீலமுமாக ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, அதிகாரிகள் முதலாளியை நெருக்கினார்கள். அந்த நிறத்தை எடுக்க வந்தவர்தான் கஸ்தூரி. ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், எம்.எஸ்ஸி. படித்தவர். முதல் வாரமே ஒரு கோணி நிறைய இறால் ஓட்டோடு பஸ் ஏறினார். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட, மீதி தூரம் சுமந்தே வந்தார். வந்தவர் அதை எங்கே வைத்தார்? நான் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் மேஜைக்கு அடியில்.

"இன்னாம்மா, ஊட்ல தொக்கு பண்ணிட்டு மிச்சத்த இங்க கொண்ணாந்துகீறீங்களா?" என்றார் முனுசாமி.

"இத வச்சுத்தான் சாயத்தைப் பிடிக்கப் போறேன்."

ஓட்டை அமிலத்தில் ஊறவைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வரும் வெள்ளைச் செதிளை வினிகர் போன்ற திரவத்தில் கரைத்துக் கண்ணாடிமேல் ஊற்றிக் காயவைப்பார். உரித்தால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சவ்வு வரும். சாயத் தண்ணீரில் போட்டால் சவ்வு சிவந்துகொண்டே போகும், தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கண்ணாடி என் ஜன்னலிலிருந்து கழற்றியது. நாற்றத்தால் நாங்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட்டோம். போதாததற்கு, "உங்க தண்ணியில ஆசிட் ஜாஸ்தி மாஸ்டர், என் சவ்வு கரையுது, மாத்துங்க" என்று தினமும் நச்சரிப்பு.

அதிகாரி சோதனைக்கு வந்த நாளை மறக்க முடியாது. "போர் தண்ணிய கலந்து வச்சிடும்மா, கலர் தெரியாது" என்று முதலாளி காதோடு சொன்னார். அதிகாரி வந்ததும் கஸ்தூரி, "சார், இது எதுவும் கலக்காத தண்ணி. முதல்ல நல்லா வரும். கொஞ்ச நேரத்துல சவ்வு கிழிஞ்சிடும். ரெண்டையும் பாத்துட்டுப் போங்க" என்றார். சொன்னபடியே தெளிந்தது, சொன்னபடியே கிழிந்தது. பட்டறையை மூடச் சொல்லிவிட்டார்கள்.

முனுசாமி கத்தினார். "ஒரு பொய் சொல்லிகினா இன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

"இன்னைக்குச் சொன்னா தினமும் சொல்லணும், முனுசாமி. அத்தனையும் யார் ஞாபகம் வச்சுக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பட்டறை மூடிக் கிடப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மெதுவாகச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர்கள் கொரட்டூரில் என் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரி வந்து நின்றார். "வேலை இல்லாம சும்மாதானே இருக்கீங்க மாஸ்டர், வாங்க போலாம்."

கல்யாணம் எப்படியோ நடந்தது. அதில் கஸ்தூரிக்குப் பங்கில்லை.

மூடிய பட்டறையில் நாங்கள் மூவரும் நாள் முழுக்க மல்லுக்கட்டினோம். சவ்வு கிழிந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பொறுமை போய், கைக்குக் கிடைத்த மல் துணியை அவர் மேஜைமேல் வீசினேன். "வெறும் தோல் நிக்காதும்மா! உள்ள ஒரு துணி வேணாமா?" அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. துணியைக் கண்ணாடிமேல் விரித்துக் கரைசலை ஊற்றினார். அந்தச் சவ்வு கிழியவில்லை. தண்ணீரில் ஆசிட்டை முறித்து அனுப்ப நானும் ஒப்புக்கொண்டேன். அடுத்த சோதனையில் தேறினோம், பட்டறை திறந்தது. துணி யாருடைய யோசனை என்று அதிகாரி கேட்டதற்கு, "மாஸ்டர் கோபத்துல எறிஞ்சது சார்" என்றார். யோசனை என்று சொல்லும்மா என்றால் கடைசிவரை சொல்லவில்லை. போனில் போட்ட அந்தச் சண்டையும் அதற்காகத்தான்.

பட்டறை ஓட ஆரம்பித்ததும் சவ்வு மாற்றுவது முதலாளிக்குத் தண்டச் செலவாகத் தெரிந்தது. ஒரு காலையில் கஸ்தூரி கழிவுநீர் வால்வுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தொட்டி வழிய ஆரம்பித்தது. சாவிக்காக பஸ் பிடித்து ஓடினேன்.

"காபி சாப்பிடுங்க மாஸ்டர். சவ்வ மாத்தினதும் சாவி தரேன்."

காபியோடு திரும்பினேன். சாயங்காலத்துக்குள் சவ்வு மாறியது. அவர் இருந்தவரை மாறிக்கொண்டே இருந்தது. பிறகு முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பினார், கால்வாய் மறுபடி சிவந்தது. அவர் கோணியோடு அம்பத்தூரில் வேறொரு பட்டறைக்குப் போய் அங்கேயும் இதே ரகளையைத் தொடங்கினார்.

நேற்று என் மருமகள் புதுப் புடவையை அலசி, சாயம் இறங்கிய தண்ணீரைக் கொட்டப் போனாள்.

"எங்கம்மா போகும் இது?" என்று கேட்டுவிட்டேன்.

"சாக்கடைக்குத்தான் மாமா."

"அங்கேருந்து?"

கஸ்தூரி என்னிடம் ஓயாமல் கேட்ட கேள்வி அது. ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லை. இப்போது அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. மருமகள் வாளியோடு நின்று என்னைப் பார்த்த பார்வையில், இனி இந்த வீட்டில் என்னைச் சகித்துக்கொள்வது கஷ்டம் என்று தெரிந்தது.