அடுப்பில் போட்ட கடிதம்

அக்டோபர் பிறந்துவிட்டால் ஆஷ்பி மில்ஸ் ஊரில் எந்தத் தபால் பெட்டியும் மூடாது. வீட்டில் அறுபத்தைந்து தாண்டிய ஒரு ஆள் இருந்தால் போதும், அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஈ மாதிரி மொய்த்துவிடும். பளபளக்கும் தாளில் ஒரு கிழவனும் கிழவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார்கள். அமெரிக்காவின் வெர்மாண்ட் மலைப் பாதையில் அந்த வயதில் சைக்கிள் ஓட்டிய ஒருவரையும் இர்மா பெல்கி தன் எழுபத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. "இவங்களுக்கு முட்டியை எதுல செஞ்சு மாட்டியிருக்கான்" என்று கேட்டுக்கொண்டேதான் உறையைப் பிரிப்பாள்.

ஊர்க்காரர்கள் பிரிப்பதே இல்லை. பெட்டியிலிருந்து அப்படியே அள்ளி வந்து, விறகடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுள்ளிப் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். குளிர் தொடங்குகிற மாதம் பார்த்து அடுப்பு மூட்டக் காகிதம் அனுப்புகிறானே, கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு கருணை என்பது அங்கே வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கிற பேச்சு. இர்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அவள் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் சரிபார்க்கும் மேஜையில் நின்றவள். ஒரு கால் மயிரிழை ஆடினாலும் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியவள். கடிதத்தையும் அப்படித்தான் பார்ப்பாள். முதலில் அடியில் இருக்கும் எறும்பு எழுத்து, பிறகுதான் மேலே இருக்கும் இனிப்பு.

அந்த வருஷம் அக்டோபர் இரண்டாம் தேதி வந்த உறையில் பச்சை இலை போட்டிருந்தது. ஏழு வருஷமாக அவளுக்கும் தம்பி லைலுக்கும் இருந்த திட்டத்தின் அடையாளம் அது. முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் என்ற இன்சூரன்ஸ், மருத்துவச் செலவில் பெரும் பங்கைக் கொடுக்கும். மீதிக்கு வேறொரு கம்பெனியிடம் துணைப் பாலிசி வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் மெடிகேரை மொத்தமாக ஒரு கம்பெனித் திட்டத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் காட்டும் டாக்டரிடம் போகலாம். அக்காவும் தம்பியும் ஒப்படைத்தவர்கள்.

கடிதத்தில் 'உங்களை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்' என்று நாலு இடத்தில் எழுதியிருந்தது. ஐந்தாவது இடத்தில், ஜனவரி முதல் தேதியிலிருந்து உங்கள் மாவட்டத்தில் இந்தத் திட்டம் கிடையாது என்று இருந்தது. மதிப்பு அதிகமாகித் தாங்க முடியாமல் ஊரை விட்டே போகிறார்கள் போல.

இர்மா முதியோர் உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இலவசமாக வழி சொல்லும் பெண், கம்பெனி தானாகக் கைவிட்டவர்களுக்கு ஒரு சலுகை உண்டு என்றாள். திட்டம் முடிந்த நாளிலிருந்து அறுபத்து மூன்று நாளுக்குள் துணைப் பாலிசி கேட்டால், உடம்பில் என்ன நோய் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டினால் கேட்பார்கள். கேட்டால் இருதய நோய்க்காரனுக்கு யாரும் தர மாட்டார்கள். "அந்தக் கடிதம்தான் சாட்சி. ஆளுக்கு ஒண்ணு வந்திருக்கும், பத்திரமா வெச்சுக்குங்க" என்றாள். இர்மா அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

தனக்காக அவள் அத்தனை கவலைப்படவில்லை. அவளுக்கு இருப்பது ரத்தக்கொதிப்பும் கோபமும்தான். எழுபத்து மூன்று வயது லைல் அப்படி இல்லை. ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை முப்பது வருஷம் ஓட்டியவன், இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறான். பள்ளத்தாக்கு மருத்துவமனையில் இருக்கும் இருதய டாக்டர் ஹாஸ்கெல், போன குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தடவை அவன் நுரையீரலில் தேங்கிய நீரை இறக்கி, மூச்சைத் திருப்பிக் கொடுத்தாள். மாவட்டத்தில் மிச்சம் இருக்கிற ஒரே கம்பெனித் திட்டத்தில் ஹாஸ்கெல் பெயர் இல்லை. அதில் இருந்த இருதய டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு மணி நேரத் தொலைவு. அதுவும் பனி பெய்யாத நாளில்.

அன்றே தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

"பச்சை இலை போட்ட கவர் எங்கடா?"

லைல் அவளைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தான்.

"சரியாவே எரியலக்கா. ஒரே புகை."

"பிரிச்சுப் பார்த்தியா?"

"யாருக்கா பிரிப்பாங்க? பக்கத்து வீட்டு வெண்டெல் ரெண்டு மூட்டை எரிச்சிட்டான்."

"வெண்டெல் எரிப்பான். அவனுக்கு வருஷம் முழுக்க ஒரு தும்மல் வராது. ஹாஸ்கெல்கிட்ட நீ போறதுக்கு அது ஒண்ணுதான்டா சாட்சி. அதைப் போய் விறகுக்கு அடியில சொருகியிருக்க."

நகல் கேட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒரு மணி இருபது நிமிஷம் ஒரே பாட்டு ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதினேழு தடவை சொன்னார்கள். இர்மா எண்ணி வைத்திருந்தாள். கடைசியில் வந்த பையன், உறுப்பினர்தான் பேச வேண்டும் என்றான். போன் லைல் கைக்குப் போனது.

"பிறந்த தேதி சொல்லுங்க சார்."

"உனக்கு எதுக்கு அது?"

"நீங்கதான் அவர்னு எங்களுக்குத் தெரியணும் சார்."

"நான்தான் நான்னு எனக்குத் தெரியும். நீ யாருன்னுதான் தெரியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான் லைல். இர்மா தலையில் கை வைத்தாள். "ஏன்க்கா, போன்ல எவன் கேட்டாலும் பிறந்த தேதி சொல்லாதேன்னு நீதானே ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டுன?" என்றான் அவன். காகிதம் ஒட்டித்தான் இருந்தது. அவள் கையெழுத்துதான்.

மறுபடி போன், மறுபடி பாட்டு. இந்தத் தடவை லைல் தேதியைச் சொல்லி, இனி அக்காவே பேசுவாள் என்றான். பத்து வேலை நாளில் நகல் வரும் என்றார்கள். வரவில்லை. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் வேறு வேறு ஆள், அதே பத்து நாள்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை, மாதாகோயில் கீழறையில் வேட்டைக்காரர் காலைச் சாப்பாடு நடக்கும். துப்பாக்கி தூக்குகிறவனும் வருவான், தூக்க முடியாதவனும் வருவான். இர்மா போனபோது, அவரைக்காயும் அப்பமும் பரிமாறும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டிருந்தது. அதன் பின்னால் புது ஆரஞ்சு மேல்சட்டையில் ஒரு ஏஜென்ட். கடையில் வாங்கின மடிப்புகூடக் கலையவில்லை. ஜாடி மூடி திறக்கும் ரப்பர் வட்டத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊரே வரிசையில் நின்றது. ஒரு ரப்பர் துண்டுக்கு உடம்பை எழுதிக் கொடுக்கிற ஜனம் என்று இர்மா நினைத்தாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதுகு தன் தம்பியுடையது என்று தெரிந்தது. கையில் பேனா.

"இதுல பல்லுக்கு உண்டு, கண்ணுக்கு உண்டு, ஜிம்முக்கும் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஏஜென்ட்.

"ஜிம் எங்க தம்பி இருக்கு?" என்றாள் இர்மா.

"பர்லிங்டன்ல அம்மா."

"எண்பது மைல். போய்ச் சேர்றதுக்குள்ளயே இளைச்சிடுவான். டாக்டர் ஹாஸ்கெல் பேரை இதுல காட்டு."

அவன் கையிலிருந்த திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இப்போதைக்கு இல்ல. ஆனா அடுத்த வருஷம் சேர வாய்ப்பு இருக்கும்மா."

"எனக்கு லாட்டரியிலகூட வாய்ப்பு இருக்கு. லைல், பேனாவை வை."

லைல் வைக்கவில்லை. அவன் முகம் சிவந்திருந்தது. "நகல் வராதுக்கா. வருதுன்னு நீ சொல்லிச் சொல்லி ஒன்றரை மாசம் ஆச்சு. இந்தத் தம்பி உக்காந்த இடத்துலயே முடிச்சுத் தர்றான்." பேனாவால் மேஜையைத் தட்டினான். "ஏழு வருஷம் முன்னாடி என்கிட்ட நல்ல துணைப் பாலிசி இருந்துச்சு. நீதான் இதே ரூம்ல இதே மாதிரி மேஜையில உக்கார வெச்சு, இதுல மாசக் கட்டணமே இல்ல, கையெழுத்துப் போடுன்னு சொன்ன. நான் கேட்டேனா ஒரு கேள்வி?"

அவரைக்காய்க்கு நின்றவர்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். இர்மாவுக்குத் தெரியும், அது பொய்யில்லை. ஊரையெல்லாம் எழுத்தறியாத கூட்டம் மாதிரி பார்த்தவள், தானே தம்பியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவள். ஏழு வருஷமாக அவன் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

"நான்தான் உக்கார வெச்சேன்" என்றாள். "டாக்டர் பட்டியல் படிச்சேன். மருந்துப் பட்டியல் படிச்சேன். உள்ள போனவன் வெளிய வரணும்னா வழி இருக்கான்னு மட்டும் படிக்கல. அந்தக் கதவு இப்போ ஒரே ஒரு தடவை திறந்திருக்கு. நீ இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு மலை தாண்டணும்."

"இந்தத் தடவை அதைப் படிச்சியா?"

"அதை மட்டும்தான் படிச்சேன்."

லைல் பேனாவை வைத்தான். எழுந்திருக்கும்போது ரப்பர் வட்டத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஏஜென்ட் அவளிடமும் ஒன்று நீட்டினான். "எனக்குக் கையில இன்னும் பலம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அப்பத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. மாநில இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எந்தப் பெயர் சொன்ன ஆள், எல்லாம் இரண்டு பக்கத்தில். அங்கிருந்து புகார் எண் வந்த பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு, அந்த எண்ணை மட்டும் நிதானமாகப் படித்துக் காட்டினாள். ஒன்றரை மாதமாகக் கிளம்பாத கடிதம் நாலாம் நாள் வந்தது, இரண்டு பிரதியாக. மறுநாள் இன்னும் ஒன்று. மூன்றிலும் பெரிதும் மதித்திருந்தார்கள்.

துணைப் பாலிசிக்கான லைலின் படிவத்தில் நோய்களைக் கேட்கும் பக்கத்தை இர்மா காலியாக விட்டு, கடிதத்தை அதன் மேல் குத்தி அனுப்பினாள். மருந்துக்குத் தனியாக ஒரு பாலிசி போட்டாள். மாசக் கட்டணம் வலிக்கத்தான் வலித்தது. லைல் முணுமுணுத்தான். "நீ சிகரெட்டை விட்டதுல மிச்சமான காசுன்னு வெச்சுக்கோ" என்றாள். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அவன் அட்டை வந்தது.

ஜனவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, இருவரும் ஹாஸ்கெல் அறைக்கு முன்னால் இருக்கும் மேஜையில் நின்றார்கள். லைலின் கணுக்கால் மறுபடி வீங்கியிருந்தது. வண்டியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றான்.

"இன்சூரன்ஸ்ல ஏதாவது மாற்றம் உண்டா?" என்று மேஜைப் பெண் கேட்டாள்.

"பழைய கம்பெனி ஓடிப்போச்சு. நாங்க இங்கதான் இருக்கோம்" என்று இர்மா அட்டையை வைத்தாள்.

அந்தப் பெண் தட்டினாள், பார்த்தாள், மறுபடி தட்டினாள். இர்மா நகரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அதற்கும் நகரவில்லை.

"சரியா இருக்கு. உள்ள போகலாம்."

"சரியா இருக்குன்னு ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடும்மா."

"அப்படி யாரும் கேக்கறதில்லையே அம்மா."

"தெரியும்."

தாள் வரும்வரை அவள் நின்றாள். லைல் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டான். "நல்லா மூச்சை இழுங்க லைல்" என்று ஹாஸ்கெல் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. அவன் இழுத்தான். நுரையீரலின் அடி வரை போகாத மூச்சு, நடுவில் கரகரத்தது. "மாத்திரையைக் கூட்டணும். இன்னிக்கே வந்தது நல்லதாப் போச்சு" என்றாள் ஹாஸ்கெல்.