துறைமேட்டின் மக்கள்தொகை

இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. நான் கணக்கு டீச்சர், எனக்கு ஜோடிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்புப் பையன் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் நீட்டினால்கூட, எந்தப் பக்கம் வலித்தது, எத்தனை மணிக்கு வலித்தது என்று கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். 2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.50க்கு இது ஆரம்பித்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். துறைமேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். தெற்கே வெள்ளாறு, கிழக்கே உப்பங்கழி, வடக்கே சவுக்குத் தோப்பு, மேற்கே புவனகிரி போகிற ரோடு. நடுவில் பதினேழு தெரு. அவ்வளவுதான் ஊர். ஆனாலும் அது பேரூராட்சி. கிராமம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊராம். டச்சுக்காரன் துணி மூட்டை அடுக்கி வைத்த கிடங்கு கடைசித் தெருவில் இன்னும் நிற்கிறது. முகத்துவாரம் மணல் மூடிப்போனதும் கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களும் வேறு பக்கம் போய்விட்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கில் 5,112 பேர். இந்தத் தடவை ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கினால் ஊரைக் கிராமப் பஞ்சாயத்தாக ஆக்கிவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு. உண்மையோ வதந்தியோ, ஊரே அதை நம்பியது. கல்யாணமாகிப் போன பெண், துபாயில் இருக்கும் பிள்ளை, போன வருஷம் செத்த மாமனார்... எல்லாரையும் எழுதிக்கச் சொன்னார்கள். நான் ஒருத்தரையும் எழுதவில்லை.

நான் அந்த ஊர் ஸ்கூலில் டீச்சர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வார்டு என் பொறுப்பு. வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டுப் பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை. எங்களுக்கு மேற்பார்வையாளர் தேவநாதன் சார், ரிட்டயராக ஒரு வருஷம் பாக்கி இருந்த ஹெட்மாஸ்டர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இல்லாத ஆள் ஒருத்தர எழுதிட்டோம்னு வையிங்க டீச்சர், மொதல்ல போறது நம்ம வேலதான்." ஒரு பொய்த் தலைகூட என் ஃபாரத்தில் ஏறக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

27ஆம் தேதி சாயங்காலத்தோடு என் வார்டு முடிந்தது. மிச்சம் இருந்தது கிடங்கு மட்டும். முந்தின வருஷம் வீட்டுப் பட்டியல் எடுத்தபோது நானே அதை '61, காலி' என்று எழுதியிருந்தேன். கதவில் கரித்துண்டால் 61 போட்டதும் நான்தான். அப்போது துருப்பிடித்த பூட்டு தொங்கியது. பூட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் இருக்கும் வீட்டுக்கு பஸ் பிடிக்கலாம் என்று போனேன்.

பூட்டு இல்லை. கதவு பாதி திறந்திருந்தது.

சத்தியமாக எனக்குப் பேய் ஞாபகம் வரவே இல்லை. 'ஆள் செட்டப் பண்ணிட்டானுங்க' என்றுதான் நினைத்தேன். ஐயாயிரத்துக்கு நாலைந்து குறைகிறது போல, வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து குடி வைத்திருக்கிறார்கள். கோபத்தோடு உள்ளே போனேன்.

ஒரே பெஞ்சில் நான்கு பேர். மூன்று ஆண்கள், ஒரு பெண். எதிரே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண், "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள்.

ஃபாரத்தை எடுக்கவில்லை. ரஃப் நோட்டை எடுத்தேன். விசாரிப்போம், பொய் தானாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் ஆள் சாமிக்கண்ணு. வயது 34. பிறந்தது ஸ்ரீமுஷ்ணம். இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் என்றேன். நாற்பது என்றார்.

வயதே முப்பத்திநாலு, நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறாரா? எனக்கே கணக்கா? திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஆமா. எழுதிக்குங்க" என்றார்.

அடுத்து அந்தப் பெண். செல்லாயி, 29. அண்ணாகிராமம். வந்து முப்பது வருஷம். அடுத்தவர் தேவசகாயம், 41. கடலூர். இருபது வருஷம். கடைசியாக இருந்த பையன் சேரன், 26. புவனகிரி. பத்து வருஷம்.

நாற்பது, முப்பது, இருபது, பத்து. பொய் சொல்லிக் கொடுத்தவனுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்குள் என்ன உறவு? உறவு இல்லையாம். என்ன வேலை? நான்கு பேருமே வாத்தியார்கள். ஏன் இந்த ஊருக்கு வந்தீர்கள்? வேலையாக வந்தார்களாம். ரேஷன் கார்டு? இல்லை.

அப்போதுதான் சில விஷயங்கள் உறைத்தன.

கழியோரம் கொசு பிய்த்துப் பிடுங்கும். உள்ளே ஒரு கொசுகூட இல்லை.

நான்கு பேர் குடியிருக்கும் இடம். அடுப்பு இல்லை. ஒரு குடம்கூட இல்லை.

நான் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துகொண்டிருந்தது. ஃபாரத்தில் எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் வாட்சில் மணி 6.00தான். வழக்கமான கரண்ட் கட். வெளியே தெரு அதற்குள் கும்மிருட்டாகிவிட்டது. உள்ளே வெளிச்சம் மாறவில்லை. எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று தேடினேன்... விளக்கே இல்லை.

எழுந்துவிட்டேன். செல்லாயி மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்கி ராத்திரி நீங்க எங்க இருப்பீங்க டீச்சர்?"

28ஆம் தேதி நள்ளிரவு நிலவரம்தான் கணக்கு. யாரைப் பார்த்தாலும் நான் கேட்க வேண்டிய கேள்வி அது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். எங்கள் வீட்டில் இருப்பேன் என்று வெடுக்கென்று சொன்னேன். உங்களில் ஒருத்தரையும் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன்.

சேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் அப்பிடித்தான் சொன்னேன்."

படியிறங்கினேன். பத்தடி போயிருப்பேன். பின்னால் சாமிக்கண்ணுவின் குரல். யாருக்கோ சொல்லி எழுத வைப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி...

"வரிசை எண் அஞ்சு... பேரு ரேகா... வயசு முப்பத்தாறு..."

என் பெயரை நான் சொல்லவில்லை.

வயதையும் சொல்லவில்லை.

ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் வந்துதான் நின்றேன். என் வாட்சில் 6.25. டீக்கடைக் கடிகாரத்தில் 8.40. செல்போனில் ஏழு மிஸ்டு கால், எல்லாம் என் கணவர் ஜெயப்பிரகாஷ்.

வீட்டில் பெரிய சண்டை. பொண்ணு சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறாள், உனக்குக் கணக்குதான் ஜாஸ்தியா போயிடுச்சு என்று கத்தினார். நான் எதையும் சொல்லவில்லை. போலி ஆட்களிடம் உட்கார்ந்து விவரம் எழுதினேன் என்று வெளியே தெரிந்தால் வேலைக்கு உலை. ரஃப் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் 28. ரோட்டோரம் படுத்திருப்பவர்களை அன்று இரவு போய் எண்ண வேண்டும். என் வார்டில் அப்படி யாரும் இல்லை. அதனால் நான் போகவில்லை. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். சாயங்காலமே கதவைத் தாழ் போட்டேன். எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். பத்து மணிக்குப் பொண்ணு சுவேதாவின் பக்கத்தில் படுத்தேன். அவருக்கு இன்னும் கோபம், பேசவில்லை. பன்னிரண்டு ஆகும்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி விழித்திருந்தேன். பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. 'போங்கடா' என்று தூங்கிவிட்டேன். ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 5, சனிக்கிழமை. ஸ்கூலில் ஃபாரங்களைத் தேவநாதன் சாரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். ஒரு ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார்.

வீட்டு எண் 61.

ஐந்து பெயர்கள். ஐந்தாவது பெயர் என்னுடையது. பிறந்த ஊர், படிப்பு, எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து என்னுடையது. 'ர'வுக்குக் கீழே நான் இழுக்கும் கோடுகூட அப்படியே. அடியில் தேதி... 28-2-2011.

அந்த ஃபாரத்தை நான் தொடவே இல்லை.

வேலை போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஆனால் சார் என்னைத் திட்டவில்லை. நாலாவது பெயரின்மேல் அவர் விரல் நின்றிருந்தது. "இவன எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.

2001இல் அதே வார்டைக் கணக்கெடுத்தவர் சேரனாம். புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார். கணக்கு முடிகிற ராத்திரி வீடு திரும்பவில்லை. யாரோ பெண்ணோடு பெங்களூருக்கு ஓடிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின தடவை, 1991இல், தேவசகாயம் வாத்தியார். அவரை ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று தேடினார்களாம். உடல் கிடைக்கவில்லை. மற்ற இரண்டு பேரையும் சாருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் அந்தத் தாளைக் குறுக்கே அடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். 61க்கு நேரே 'காலி' என்று எழுதினார். "இதப்பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். நானும் விடவில்லை. அந்த வருஷமே சிதம்பரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

2012 அக்டோபர். தினமும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கட். ஒரு சாயங்காலம், 7.15 இருக்கும், மொட்டை மாடியில் நானும் என் கணவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மனதில் வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. முதல்முறையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிடங்கு, நான்கு பேர், அந்தக் குரல், 61ஆம் எண் ஃபாரம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். 28ஆம் தேதிக்கு வந்தேன். கதவைத் தாழ் போட்டேன், சுவேதா பக்கத்தில் படுத்தேன், பன்னிரண்டு வரை விழித்திருந்தேன்...

"இன்னா சொல்ற நீ?" என்றார்.

அதான், அந்த 28ஆம் தேதி ராத்திரி என்றேன்.

"அன்னிக்கி ராத்திரி நீ வீட்லயே இல்லியே ரேகா."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"சாயங்காலம் டூட்டின்னு சொல்லிட்டு பையை எடுத்துக்கினு போன. சுவேதா அழுது அழுது என் மேலயே தூங்கிட்டா. காலைல அஞ்சரைக்கி வந்த. காலெல்லாம் சேறு. கோவத்துல நானும் எதும் கேக்கல."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. என்னை விளையாட்டுக்குப் பயமுறுத்துகிற ஆளும் இல்லை. மறுநாள் சுவேதாவிடம் கேட்டேன். அவளுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா இல்லாமல் அவள் தூங்கிய ராத்திரி அது ஒன்றுதான்.

காலை ஐந்தரைக்குச் சேற்றுக் காலோடு வந்தது எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போதெல்லாம் அவர் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார். கல்யாணத்தன்று யார் தாம்பூலத் தட்டை எடுத்து வந்தது, சுவேதா எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாள், அவர் அப்பா கடைசியாக என்னிடம் என்ன சொன்னார்... பேச்சோடு பேச்சாகக் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறேன். சரி என்று தலையாட்டுவார்.

ஆனால் ராத்திரியில் சுவேதாவைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு, அந்த அறைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறார். நான் ஹாலில் படுக்கிறேன்.