ஞாபகம் இல்லாத நூறு பேர் தேவை

சினிமாவுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறவனுக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்காது, ஏச்சு மட்டும் தவறாமல் கிடைக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

ராஜபாளையத்திலிருந்து வேனில் ஆள் ஏற்றிப் போவது என் வேலை. இந்தத் தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேற்றுக்கிரகப் படம். வானத்திலிருந்து இறங்கியவர்கள் ஊர்ச்சனத்தின் ஞாபகத்தை அழித்துவிடுகிறார்கள். பெற்ற பிள்ளையே எதிரில் வந்தாலும் யாரென்று தெரியாது.

எனக்கோ வேறு கவலை. வெள்ளிக்கிழமை என் புது வீட்டில் பால் காய்ச்சு. எனக்கு ரெண்டு அக்கா. மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பெரியக்கா வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள் என்று சின்னக்காவுக்குக் கோபம். மூணு வருசமாகப் பேச்சில்லை. "அவ வந்தா நான் வரமாட்டேன்" என்று ரெண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். அக்காமார் இல்லாமல் என்ன பால் காய்ச்சு?

யாரோ எவரோ

முதல் காட்சி சுலபம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். செட்டியார்பட்டிக்காரர் ஒருத்தர் நாலு எட்டு வைத்தார். எதிரே இன்னொரு வேனில் வந்த அவர் மச்சினன். "ஏலே, எப்ப வந்த? சாப்பிட்டியா?" என்று நின்றுவிட்டார்.

டைரக்டர் சின்னப் பையன், பொறுமைசாலி. "ஐயா, அவர் யாருன்னே உங்களுக்குத் தெரியாது" என்று விளக்கினார். இவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாட்டி என்ன தம்பி, சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாதா?"

படையெடுத்து வந்தவர்

அடுத்தது, வேற்றுக்கிரகவாசியைக் கண்டு கூட்டம் அலறி ஓட வேண்டும். ரப்பர் உடுப்புக்குள் இருந்தவர் சென்னைப் பையன். உச்சி வெயிலில் நாலு தடவை விரட்டியவர், அஞ்சாவது தடவை அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ஓட வேண்டிய பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் திரும்பி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தார்கள். மடவார் வளாகம் தெருவிலிருந்து வந்த அம்மா ஒருத்தி பால்கோவாவை வாயில் ஊட்டி, டப்பா மூடியால் விசிறினாள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. "செத்த நேரம் ஒக்காருய்யா, ஊரைப் பொறவு பிடிக்கலாம்" என்றாள்.

பிரமாதமான நடிப்பு

அன்றைக்கென்று ஆள் குறைந்ததால் அக்காமார் ரெண்டு பேரையும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் வேற வேற வேனில் ஏற்றியிருந்தேன். பார்த்தால் ரகளை ஆகுமே என்று ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினேன். டைரக்டர் கண்ணில் எப்படிப் பட்டார்களோ, ரெண்டு பேரையும் எதிரெதிரே நடக்கவிட்டார். தோள் உரசக் கடந்து போனார்கள், முகத்தில் ஒரு சலனமில்லை. ஒரே டேக்கில் ஓகே.

டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இவங்க எந்த நாடகக் குழு?"

ஞாபகம் திரும்பும் காட்சி

கடைசிக் காட்சியில் எல்லோருக்கும் ஞாபகம் திரும்பும், சொந்தங்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டும். முன்வரிசையில் அந்த ரெண்டு பேரும்தான் வேண்டுமென்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். "நான் பஸ் ஏறுதேன்" என்றாள் பெரியக்கா. எப்படியோ கெஞ்சி நிறுத்தினேன்.

ஆக்‌ஷன் என்றார்கள். ரெண்டும் கல்லாக நின்றன. சின்னக்கா நெற்றியில் மேக்கப்காரர் பூசிய ரத்தம் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அவள் கண்ணைக் கசக்கினாள். பெரியக்கா சட்டென்று முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள். துடைத்த கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. "ஏட்டி, எம்புட்டு எளைச்சுட்ட." அவ்வளவுதான், சின்னக்கா உடைந்துபோனாள். ரெண்டு பேரும் அழுத அழுகையில் நானும் கேவிவிட்டேன்.

ரத்தம் அழிந்துபோனதால் இன்னொரு டேக் வேண்டும் என்றார் டைரக்டர். பெரியக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை ஏலாது தம்பி, இதுக்கே மூணு வருசம் ஆயிருக்கு."

படத்தில் வந்தவர்கள் பூமியைப் பிடித்தார்களோ இல்லையோ, வெள்ளிக்கிழமை என் வீட்டு அடுப்படியை ரெண்டு அக்காமாரும் பிடித்துக்கொண்டு, யார் பால் ஊற்றுவது என்று புதுச் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.